கண்டிக்கோட்டையில் அமீனா பீ

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பின்னால் உள்ள சந்தில் அமீனா பீயை அறியாதவர் இல்லை. மாடவீதி வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள் அவள்தான். ஒரு முறை ஆளைப் பார்த்தால் போதும், அளவு நாடாவே வேண்டாம் என்பார்கள். அப்படிப்பட்ட கண்களுக்குப் பத்து வருஷமாக ஒன்று மட்டும் தெரியவில்லை: கட்டிய புருஷன் இருக்கிறானா, இறந்தானா?

புருஷன் குலாம் முகம்மது, பழைய கோட்டைகளை அளந்து படம் போடும் சர்க்கார் இலாகாவில் அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆள். 1924-ல் கடப்பை ஜில்லாவில் உள்ள கண்டிக்கோட்டைக்குப் போனான். இரண்டு ரம்ஜானுக்கு வீட்டுக்கு வந்தான். மூன்றாவது ரம்ஜானுக்கு அவன் வரவில்லை, தம்பி கரீமுல்லாவின் பெயருக்கு ஒரு கடிதம்தான் வந்தது.

"பாபி, அண்ணன் வாந்திபேதில மௌத்தாயிட்டாரு" என்று கரீமுல்லா அண்ணியிடம் கதறினான். படிக்கத் தெரியாத அமீனா, புருஷன் இறந்ததை நம்பினாள். பிறகொரு நாள் அந்தக் கடிதத்தைக் கேட்டாள். தொலைந்துவிட்டது என்று சொன்ன கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று நெஞ்சில் தைத்த முள் பிறகு எடுபடவே இல்லை.

மகள் வஜீஹாவுக்குப் பதினெட்டு வயது. திருவல்லிக்கேணியில் நல்ல இடம் அமைந்தது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் ஜைதூன் பீ வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டாள்:

"நிக்காஹ்ல பொண்ண குடுக்க வேண்டியது அப்பன். அப்பன் மௌத்தா இருந்தாத்தான் சித்தப்பன் குடுக்கலாம். உன் ஊட்டுக்காரரு மெய்யாவே செத்தாரா, எவளோடயாச்சும் குடும்பம் நடத்திக்கினு கீறாரா? நாளைக்கு வந்து நின்னா நிக்காஹ் இன்னா ஆவும்?"

உள்ளே வஜீஹா விம்முவது கேட்டது. அமீனா எழுந்தாள். "நான் போய் அவர பொதச்ச கபர என் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

மோட்டார் கார்களுக்கு மெத்தை தைக்கும் கரீமுல்லா எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். "வெறும் பாறை பாபி! சிறுத்த வேற கீதாம். அதுக்கும் ரவிக்க தெச்சுக் குடுக்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே இருவரும் ரயிலேறினார்கள்.

முத்தனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பாதி நாள் போய், மீதியை நடந்து ஏறினார்கள். மலையையே கத்தியால் பிளந்தது போல் ஒரு பள்ளம். அதன் அடியில் பென்னாறு வெள்ளிச் சரிகையாகக் கிடந்தது. பள்ளத்தின் விளிம்பிலேயே சிவந்த மதில்கள். உள்ளே இடிந்த மாளிகை, கூரையில்லாத மண்டபங்கள். ராஜாக்கள் ஆண்ட இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. பெரிய மசூதி மட்டும் முழுசாக நின்றது. அதைப் பெருக்கிக் காக்கும் உமர் ஃபாரூக் என்ற கிழவர், விஷயத்தைக் கேட்டதும் முன்னே நடந்தார். சப்பாத்திக்கள்ளிப் புதர் ஓரம் நின்று, "அதோ, மதராஸ்காரர்" என்று கை காட்டினார்.

அமீனா ஓடினாள். முதலில் கண்ட மண்மேட்டில் முகம் பதித்துக் கதறினாள். "என்ன இப்டி உட்டுட்டுப் போயிட்டியே! உம் பொண்ணுக்குக் கல்யாணம்யா!"

கரீமுல்லா அசையாமல் நின்றான். கிழவர்தான் அருகில் வந்தார். "அம்மா, கல்லை எண்ணிப் பார்."

ஆண் கபருக்கு நடுவது இரண்டு கல், பெண் கபருக்கு மூன்று. குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். கண்ணீரை வழித்துவிட்டு அமீனா எண்ணினாள். மூன்று.

"பக்கத்தில் இருப்பதுதான் அவர். நீ தலை வைத்திருப்பது அவர் இங்கே கட்டிக்கொண்ட பீவி. ஒரே வாந்திபேதி, மூன்று நாள் முன்னே பின்னே."

அமீனா மெதுவாகக் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "கடுதாசில இதுவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு பாபி. அதான் கிழிச்சுப் போட்டேன். செத்த துக்கம் ஒண்ணே உனக்குப் போதும்னு..."

"பத்து வருஷம்டா! எங்கியோ உசுரோட கீறாருன்னு நெனச்சு தினம் தினம் அவர சபிச்சேன். மண்ணுக்குள்ள கீற மனுசன சபிக்க வெச்சிட்டியே, பாவி!"

அவள் மதில் ஓரம் போய் நின்றாள். கீழே பார்த்தாலே தலை சுற்றும் ஆழம். கரீமுல்லா பதறி ஓடி அவள் முந்தானையைப் பிடித்தான்.

"உடு. குதிக்க மாட்டேன். பொண்ணுக்குக் கல்யாணம் கீது."

மதிலை விட்டுத் திரும்பி வந்து கிழவரிடம் கேட்டாள். "அவ பேரு இன்னா?"

"ஹுசேன் பீ. பதினெட்டு வயசு."

"மதராஸ்ல நான் ஒருத்தி கீறது அவளுக்குத் தெரியுமா?"

"கடைசி வரைக்கும் தெரியாது, அம்மா."

அமீனா தலையை மூடிக்கொண்டு இரண்டு கபருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். இருவருக்கும் பாத்திஹா ஓதி முடித்தபோது மதிலின் நிழல் அவள் மடிவரை வந்திருந்தது.

அடுத்த மாதம் நிக்காஹ் அன்று, பெண்ணின் தகப்பனைப் பற்றிக் காஜி கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து அமீனாவின் குரல் தெளிவாக வந்தது. "மௌத்தாயிட்டாரு. கபர கண்ணால பாத்தேன்." கரீமுல்லா பெண்ணைக் கொடுத்தான். கோட்டையிலிருந்து திரும்பிய பிறகு அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்று மாலை அவளே பிரியாணித் தட்டைக் கொண்டுவந்து அவன் எதிரில் வைத்து, "துன்னு" என்றாள்.

வருஷந்தோறும் குலாம் முகம்மதுவின் நினைவு நாளில் பாத்திஹா ஓத வரும் ஹஜ்ரத்திடம் அவள் இரண்டு பெயர்கள் சொல்வாள். "அது யாரும்மா ஹுசேன் பீ?" என்று வஜீஹா ஒரு முறை கேட்டாள்.

"நம்ம ஊட்டுப் பொண்ணுதான். வாழத் தெரியாத வயசுல போயிட்டா" என்று சொல்லி, அமீனா ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள்.