லேப்டாப் கவரைப்பேட்டையில், அக்கா செவ்வாப்பேட்டையில்

அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை குப்பை வண்டி வரும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லும் வலைப்பக்கத்தை நகராட்சிக்காக ஒப்பந்த முறையில் பார்த்துக்கொள்வது என் வேலை. சிரிக்காதீர்கள், அது அவ்வளவு அழகான பக்கம்! எண்பது வயதுப் பாட்டி கண்ணாடி போடாமலே படிக்கலாம். நான் அரசாங்க வலைப்பக்கங்களின் வெறித்தனமான ரசிகன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்தே கோடிங் கற்றவன். ஒரு வருடப் படிப்புக்கு அயர்லாந்து போய், அங்கேயே இந்த வேலையைப் பிடித்துவிட்டேன்.

இந்த ஆகஸ்டில் நான்கு வாரம் ஊரிலிருந்தே வேலை செய்தேன். காரணம் சுகந்தி அக்கா. அவளுக்கு இது தலைப்பிரசவம். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா இல்லை என்பதற்காக அக்கா பிறந்த வீட்டுக்கு வராமல் போய்விடக் கூடாது என்று அப்பாவும் நானும் போனிலேயே பேசி முடிவு செய்தோம். அப்பா சிப்காட்டில் ஒரு ஸ்டீல் ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். லீவு நாளில் கவரைப்பேட்டை வீட்டின் முன்னறைக்கு அவரே வெள்ளையடித்து, புது ஃபேன் மாட்டி வைத்திருந்தார்.

என்னைப்போல் வெளிநாட்டு அரசு அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஊரிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டால் கிடைக்கும். ஆனால் பொதுமக்களின் முகவரியெல்லாம் அந்த லேப்டாப்பில் இருப்பதால் கட்டுப்பாடு அதிகம். எந்த நாடு என்பதோடு எந்த வீடு என்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். லேப்டாப் அந்த வீட்டைத் தாண்டக் கூடாது. நான் யோசிக்கவே இல்லை, கவரைப்பேட்டை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? வேறெங்கே நடக்கும்?

நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பயணமே கூடாது, இருக்கிற இடத்தில் படுத்திரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா இருந்தது செவ்வாப்பேட்டையில், மாமியார் வீட்டில். வேறு ரயில் பாதை, எழுபத்தைந்து கிலோமீட்டர். அக்காவுக்காக வெள்ளையடித்த அறையில் நானும் லேப்டாப்பும் குடியேறினோம்.

முகவரியை மாற்ற முடியுமா என்று என் மேலாளர் ஓர்லாவிடம் கேட்டேன். நல்ல பெண்மணி, உடனே விசாரித்தார். பாதுகாப்புக் குழு பார்த்துப் பதில் சொல்லக் குறைந்தது பத்து வேலை நாள் ஆகுமாம்.

நம் நேரத்தில் என் வேலை மதியம் ஒன்றரைக்குத் தொடங்கும். அப்படியானால் காலை முழுக்க என்னுடையதுதானே! மறுநாளே கிளம்பிவிட்டேன்.

வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். கவரைப்பேட்டையில் காலை 5.10க்கு சென்னை போகும் மின்சார ரயில். பேசின் பிரிட்ஜில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, திருவள்ளூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரே டிக்கெட், இருபது ரூபாய். கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நடுவே ஜன்னலோரம் கிடைத்தால் அன்று எனக்குத் திருவிழா. ஏழரைக்குச் செவ்வாப்பேட்டை. பகலில் கும்மிடிப்பூண்டி ரயில் குறைவு, பத்து மணிக்குத் திரும்ப ரயில் ஏறினால்தான் ஒன்றேகாலுக்காவது வீடு சேரலாம். அப்பாவின் பைக்கில் ரெட்ஹில்ஸ் சுற்றியும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிர் போய் உயிர் வந்தது. ரயிலே மேல்.

நான் அங்கே இருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் அக்கா தூங்க மாட்டாள். முகமும் காலும் வீங்கியிருக்கும், கண் சொருகும், ஆனாலும் பேசிக்கொண்டே இருப்பாள். அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு என் வேலைதான் தீராத வேடிக்கை.

"இன்னாபா, பொழுது விடியச்சொல்லோ வர்ற, இட்லி துன்னதும் ஓட்ற. உன்ன வெச்சித்தான் அந்த ஊர்ல குப்பையே அள்றாங்களா?"

"அள்றது அவுங்க அத்தை. என்னிக்கு அள்றாங்கன்னு சொல்றது நானு."

"ஏன், வண்டி வந்தா மணி அடிக்க மாட்டானா? எங்க தெருவுல அடிக்கிறானே!"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "சிரிக்க வெக்காதீங்கத்தை, வலிக்குது."

இரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, நான் செருப்பு மாட்டும்போது அந்த வலி நிஜமாகவே வந்தது. அக்காவின் கணவர், என் மாமா, ஒரகடத்தில் ஒரு ஆலையில் வேலை செய்கிறார். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னோம். வீட்டில் இருந்தது அத்தையும் நானும்தான்.

அன்று மதியம் எனக்குப் பெரிய வேலை. புதிய குப்பை அட்டவணையை வெளியிடும் நாள், பொத்தானை அழுத்த வேண்டியவன் நான். அக்டோபரில் என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர்கள் யோசிக்கிற நேரம். ரயில் கிழக்கே, ஆஸ்பத்திரி மேற்கே திருவள்ளூரில். அத்தை அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நான் ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா நைனா, ஏறுறியா இல்லியா? அந்தப் பொண்ணு வலில துடிக்குது, நீ இன்னாமோ பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா மாதிரி நிக்கிற," என்றார் ஆட்டோக்காரர்.

அக்கா கண்ணைத் திறக்காமலே, "அவன உடுங்கண்ணா, அவனுக்கு டூட்டி இருக்குது," என்றாள்.

அதைக் கேட்டதும் ஏறிவிட்டேன். எட்டு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். வழியெல்லாம் அத்தை அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். ஓர்லாவுக்கு ஒரு மெசேஜ் எழுதுவதும் அழிப்பதுமாக நான் வந்தேன். மன்னிப்புக் கேட்டே நான்கு வரி ஓடியிருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "அக்காவுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இன்று என்னால் முடியாது" என்று மட்டும் அனுப்பினேன். அங்கே இன்னும் விடியவில்லை.

அக்காவை உள்ளே அழைத்துப் போனார்கள். ரத்த அழுத்தம் இன்னும் ஏறியிருக்கிறது, காத்திருக்க முடியாது, ஆபரேஷன் செய்கிறோம் என்றார் டாக்டர். ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க யாராவது கூட இருங்கள் என்றார் நர்ஸ். எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரூப். பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. ஓர்லா.

அவர் முதலில் கேட்டது, "லேப்டாப் எங்கே?"

"வீட்டில், பீரோவில், பூட்டி வைத்திருக்கிறது."

"நீ?"

"ஆஸ்பத்திரியில், அக்காவோடு."

"அப்படியானால் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அட்டவணை திங்கட்கிழமை வெளிவரட்டும். யாருடைய குப்பையும் அதற்குள் அழுகிவிடாது."

வீட்டைத் தாண்டக் கூடாது என்று அவர்கள் எழுதியது லேப்டாப்புக்கு. பத்து நாளாக அதை நான் எனக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான். வராண்டாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். டீ விற்பவர் கேட்காமலே ஒரு டீ கொடுத்துவிட்டுப் போனார்.

நல்லவேளை, ரத்தம் தேவைப்படவில்லை. ஒரு மணிக்கு மாமா யூனிபார்மோடு ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. அப்பா ஷிப்ட் முடித்து, ஆலை ஷூவைக்கூடக் கழற்றாமல், அதே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வந்து சேர்ந்தார். குழந்தையைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்தார்.

"கை கழுவிகினு வாங்க சம்மந்தி," என்று அத்தை விரட்டினார். "ஒரே கிரீஸு. பேத்தி இன்னா கிரேனா?"

இதே மாதிரி வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அனுமதி கேட்கும்போது ஒரு முகவரியோடு நிறுத்தாதீர்கள், நீங்கள் போய் நிற்க வேண்டியிருக்கும் எல்லா வீடுகளையும் எழுதிக் கொடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் அவசியம். கவரைப்பேட்டையில் போன் நெட்டே தாராளமாகப் போதும். வர முடியாத நாளில் வர முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள், காரணத்தை இழுக்காதீர்கள். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா என்று இதை எழுதும்போது எனக்கே தெரியாது. நீட்டிக்காவிட்டால் ஏதாவது வழி செய்துகொள்வேன்.

அன்று சாயங்காலம் அக்காவை வார்டுக்கு மாற்றியதும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்சமாகக் கண்ணைத் திறந்தாள்.

"டேய், நீ கெளம்பலியா?"

"இல்லக்கா. நைட்டு இங்கதான்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பி நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.