ஜப்பான்காரர் கருவிக்கும் பொட்டு

எட்டாவது தாண்டாதவன் நான். ஆனாலும் திருமழிசையில் இரும்பு கடைகிற ரெண்டு லேத்து மெஷினோடு பட்டறை போட்டு, ஜப்பான்காரரையே என் வாசலுக்கு வரவழைத்தவன். தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் நம்ம பக்கம் வர ஆரம்பித்த நேரம். அவர் என் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வருஷம் முழுக்க வேலை. போடாவிட்டால் பெரிய கம்பெனிகள் தள்ளிவிடும் உதிரி வேலைதான் கதி.

அவர் கம்பெனியிலிருந்து கூட வந்த, இங்கிலீஷ் படித்த நம்ம ஊர் ஆபீசர் காலண்டரைப் பார்க்காமல் தேதி கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஆயுத பூஜை!

வந்தவர் வெல்வெட் பெட்டியைத் திறந்து, அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அது எங்கள் ஸ்பேனர், சுத்தியலோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி.

ஆபீசருக்கு வேர்த்துக் கொட்டியது. "என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? அது அவர் பொருள்யா!"

என் லேத்துக்காரர் கொரட்டூர் ஆள், வாய்க்குப் பஞ்சமில்லை. "இன்னா சார், எல்லாத்துக்கும் வெச்சிட்டு அத்த மட்டும் உட்டா, அது கோவிச்சிக்காதா?"

ஜப்பான்காரர் மெஷினைக் காட்டி, ஓட்டு என்று சைகை செய்தார். பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. இது எங்கள் வழக்கம். ஆபீசர் என் காதில் கெஞ்சினார்: "அஞ்சே நிமிஷம் ஓட்டுங்க சார், சாமி ஒண்ணும் சொல்லாது."

யாருக்கும் பயப்படாத நானே அன்றைக்கு அந்த ஒரு வருஷ வேலையை நினைத்துப் பயந்தேன். ஆனாலும் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை. இங்கிலீஷை நம்பினால் ஆகாது என்று நானே இறங்கினேன். மெஷினைக் காட்டினேன். உள்ளங்கையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக் காட்டினேன். சாக்பீஸால் தரையில் உதிக்கிற சூரியனை வரைந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, பக்கத்திலேயே ஒரு மெஷினை வரைந்து, அதன் மேல் பெரிய உருண்டை ஒன்று, அதற்கு மேல் சின்னது ஒன்று போட்டார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆபீசர் வாயைப் பிளந்தார். "அவங்க ஊர்ல புதுவருஷத்துக்கு மெஷின் மேல அரிசி மாவு உருண்டை வெச்சு ரெஸ்ட் குடுப்பாங்களாம் சார்!"

அப்புறம் அந்த மனுஷர் என் பழைய லேத்துக்கு முன்னால் நின்று, அவர்கள் கோயிலில் செய்கிற மாதிரி ரெண்டு தடவை கை தட்டிக் கும்பிட்டார். லேத்துக்காரர் விடுவாரா? "அண்ணாத்தே, நம்ம ஆளுதான்பா!" என்று அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். ரெண்டு தட்டு சுண்டல், கை நிறையப் பொரி. சாப்பிட்டுவிட்டு ஜப்பான்காரர், அன்றைக்குப் போக வேண்டிய விமானத்தை மறுநாளைக்கு மாற்றிப் போடச் சொல்லிவிட்டார்.

விஜயதசமி காலையில் மெஷின் ஓடியது. முப்பது பீஸ் அளந்தார், சிரிப்பே இல்லை. கடைசிப் பீஸைக் கீழே வைத்த பிறகுதான் பல் தெரிந்தது. ஒப்பந்தத் தாளில் அவர் தன் ஜப்பான் எழுத்தில் கையெழுத்துப் போட்டார். ஆபீசர், "சார், நீங்களாவது இங்கிலீஷ்ல போடுங்க" என்றார்.

நான் எதற்குப் போடணும்? அவர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில், தமிழில் போட்டேன்.