திரும்பி வராத சாம்பிள்

இன்று காலை எங்கள் ஃபிளாட் பார்க்கிங்கில்...

மழை விடட்டும் என்று ஸ்கூட்டியோடு நின்றிருந்தேன். (முடிச்சூர்க்காரர்களுக்கு மழை வந்தால் ஒரு கண் வாசல் தண்ணீர் மேல்தான்!)

மாடி வீட்டு ஸ்டெல்லாவும் குடையோடு வந்து நின்றாள். பிஎச்.டி. செய்கிறாள். வேறொரு நட்சத்திரத்தின் பக்கம் பிறந்து, நம் சூரியனை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வால்நட்சத்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை!

நான் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் க்யூ.சி., அதாவது தரம் பார்க்கிற வேலை. ஸ்டீல் துண்டில் (எங்கள் பாஷையில் 'பீஸ்') ஸ்பார்க் அடித்தால், அந்த வெளிச்சத்தைப் பிரித்து நிக்கல் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். அவளும் வெளிச்சத்தைப் பிரித்துத்தான் பார்க்கிறாள். (அவள் பீஸ் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்!)

"என்ன ஸ்டெல்லா, மூஞ்சி டல்லா இருக்கு?"

"நிக்கல் கிடைச்சிருக்குக்கா. கேஸா வெளிய வருது. ஆனா இரும்பு தெரியல."

எனக்குள் இருந்த க்யூ.சி. உடனே விழித்துக்கொண்டாள்.

"இரும்பு இல்லாம நிக்கலா? பீஸ் மாறிப்போச்சு! ரிஜெக்ட் பண்ணு. வேற பீஸ் வெட்டி அனுப்பச் சொல்லு!"

விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யார்கிட்டக்கா சொல்றது? அது கிளம்பிப் போயிட்டே இருக்கு, இனி திரும்பியே வராது. இரும்பு தெரியாதது தப்பில்லக்கா, அது கல்லுக்குள்ளயே இருக்கலாம்."

அசடு வழிந்தது எனக்கு.

"அப்போ எதுக்கு டல்லு?"

டெலஸ்கோப்பில் அவளுக்குக் கிடைத்தது மூன்றே ராத்திரிகளாம்.

"சூரிய வெளிச்சம் அதோட தூசியில பட்டு, அதுவும் கலந்து வரும்க்கா. அதைக் கழிக்க, சூரியன் மாதிரியே இருக்கற ஒரு நட்சத்திரத்தையும் அதே ராத்திரி எடுக்கணும். ரெண்டாவது நாள் அந்த நட்சத்திரத்தை எடுக்கறதுக்குள்ள மேகம் வந்துடுச்சு. நிக்கல் பளிச்சுன்னு தெரியறது அந்த ஒரு நாள்தான்!"

"முதல் நாள் எடுத்ததையே இதுக்கும் போட்டுக்கோயேன். யாருக்குத் தெரியப் போகுது?" (என் வாய் இருக்கிறதே!)

அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் சூரியனோட கணக்கை வால்நட்சத்திரம் பேர்ல எழுதிட்டா? மறுபடி பார்த்து யாரும் என்னைத் திருத்த முடியாதுக்கா. நான் எழுதுறதுதான் நிக்கும். அந்த நாள் கணக்கையே தூக்கிட்டேன். 'நிக்கல் இருக்கு'ன்னு எழுதினதை 'இருக்கலாம்'னு மாத்தி, இப்பதான் கைடுக்கு மெயில் போட்டேன்."

சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. ராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்ததை, யாரும் கேட்காமலே தன் கையாலேயே அடித்துத் திருத்தியிருக்கிறாள்!

எங்கள் மாடியில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அவ்வளவு பெருமையாக இருந்தது.

மழை விட்டது. அவள் தாம்பரம் ஸ்டேஷனுக்கு, நான் கம்பெனிக்கு.

இப்போது ஒரு உண்மை சொல்கிறேன், திட்டாதீர்கள். எங்கள் மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று தினமும் காலையில், எது எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு ஸ்டாண்டர்டு பீஸை வைத்து டெஸ்ட் செய்ய வேண்டும். லோடு அவசரமான நாளில், முந்தின நாள் ரீடிங்கையே ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுவேன்.

இன்றும் வாசலில் லாரி நின்றது. நான் நேராகப் போய் அந்த ஸ்டாண்டர்டு பீஸை எடுத்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை ஸ்பார்க் அடித்தேன்.

சூப்பர்வைசர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், வண்டி நின்னுகினு கீது... இன்னிக்கு ஆடிட் எதுனா கீதா?"

"ஆமாண்ணா. காலைல பார்க்கிங்லயே முடிஞ்சிடுச்சு!"