அம்மா எழுதிய தாள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் என் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டார்கள். பேன் தொல்லை இல்லை, வேண்டுதலும் இல்லை. இரட்டைச் சடை பின்ன தினமும் கால் மணி நேரம் ஆகிறது, அதற்குள் ஐந்து கணக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா கண்டுபிடித்திருந்தார். வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் பையன்களுக்கு முடி வெட்டுகிறவரிடமே என்னையும் உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பிடரியை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

அப்பா ஒரகடத்தில் லாரிக்கு பிரேக் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். அவருடைய சூப்பர்வைசரின் மகன் மலைப்பக்கம் எங்கேயோ இருந்த ஓர் உறைவிடப் பள்ளியில் படித்தான். நுழைவுத் தேர்வு எழுதித்தான் அங்கே ஆறாம் வகுப்பில் சேர முடியும். சேர்ந்துவிட்டால் பள்ளிப் படிப்பு முடியும்வரை சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. லீவில் வந்திருந்த அந்தப் பையன் கம்பெனி ஆயுத பூஜையில் மேனேஜரோடு கை குலுக்கி இங்கிலீஷில் பேசியதை அப்பா பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "நம்ம பாப்பாவும் அந்த ஸ்கூல்லதான் படிக்கணும்."

மறுநாளே கேபிள் துண்டிக்கப்பட்டது. பிள்ளைப்பாக்கத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவானது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான் எழுந்திருப்பதிலிருந்து தூங்குவதுவரை எழுதிச் சுவரில் ஒட்டினார். அதில் 'சாப்பாடு' என்பதற்குப் பக்கத்தில் 'பன்னிரண்டு நிமிடம்' என்று போட்டிருந்தது. அவர் வேலை செய்த லைனில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. வீட்டையும் அப்படி ஓட்டிவிடலாம் என்று நம்பினார். கோபக்காரர் இல்லை. நான் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்தால் திட்டமாட்டார், முகம் மட்டும் சுருங்கிப்போகும். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருக்கும்.

அம்மாவும் கம்பெனிக்குப் போனாள். கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் இடம் அது. கட்டி முடித்ததை ஒரு பெரிய பலகையில் மாட்டி, நிறம் மாறாமல் ஒவ்வொரு வயரும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. என்னைத் தனியே விடக் கூடாது என்பதற்காக இருவரும் எதிரெதிர் ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஒருவர் கம்பெனி பஸ்ஸில் ஏற, இன்னொருவர் இறங்குவார். அம்மா வீட்டில் இருக்கும் நேரங்களில் பாதி தூக்கத்தில் போகும், மீதி அடுப்படியில் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓ.டி., கூடுதல் சம்பளத்துக்குக் கூடுதல் வேலை.

அந்த ஓ.டி.யைத்தான் எனக்காக விட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் டயர் கடை ஒன்றின் மாடியில் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஞாயிறு காலை முதல் மத்தியானம்வரை. அப்பாவுக்கு ஞாயிறும் வேலை இருந்ததால் அழைத்துப்போகும் பொறுப்பு அம்மாவுக்கு வந்தது.

எனக்கு வகுப்பு பிடிக்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் ஒரகடம் கூட்டு ரோடு வரை போய் அங்கிருந்து பஸ் பிடிப்போம். ஜன்னலோரம் எனக்கு. அம்மா பக்கத்தில், யூனிஃபார்ம் இல்லாமல், பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஆளுக்குப் பாதியாக வேர்க்கடலை சாப்பிடுவோம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அம்மா இருந்தாள்தான், ஆனால் எங்கேயாவது போகிற வழியிலோ வருகிற வழியிலோதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

வகுப்பு நடக்கும்போது பெற்றோர்கள் மாடி வராந்தாவில் பெஞ்சில் காத்திருப்பார்கள். பலரும் பேப்பர் படிப்பார்கள், சிலர் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். சார் ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரித் தேர்வு வைப்பார். மீந்த கேள்வித்தாள்களையும் விடைத்தாள்களையும் வாசல் ஸ்டூலில் வைத்துவிடுவார், வீட்டில் பழக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அம்மா ஒன்றை எடுத்தாள். முதல் வாரம் படித்துமட்டும் பார்த்தாள். இரண்டாம் வாரம் என் பையிலிருந்து பென்சில் கேட்டாள். அதற்கடுத்த வாரங்களில் நான் உள்ளே எழுத, அவள் வெளியே எழுதினாள். பஸ்ஸில் இருவரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். படங்களில் மாறுபட்டதைக் கண்டுபிடிப்பது, கண்ணாடியில் எப்படித் தெரியும் என்று சொல்வது இதெல்லாம் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் வந்தது. எப்படி என்று கேட்டதற்கு, "தெனம் அதே வேலதானடி. ஒரு வயரு மாறி இருந்தாலும் கண்ண உறுத்தும்" என்றாள்.

அம்மா பத்தாவது வரை படித்தவள், பள்ளியில் முதலாவதாக வந்தவள் என்று பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மாக்கள் எல்லோரும் எப்போதோ எதிலோ முதலாவதாக வந்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சார் ஒன்றை அறிவித்தார். ஒரு பெரிய தேர்வு வைத்து அதில் முதல் பதினைந்து பேரை மட்டும் சிறப்பு வகுப்புக்கு எடுத்துக்கொள்வாராம். மற்றவர்கள் வீட்டிலிருந்து படித்தால் போதுமாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது மார்க்கைப் பற்றிய பயம். எனக்கு ஒரே கணக்குத்தான் ஓடியது: பதினைந்துக்குள் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அம்மா மறுபடியும் ஓ.டி.க்குப் போய்விடுவாள்.

அந்த நாளில் நூறு கேள்விகளில் எழுபதுக்குமேல் என்னால் போட முடியவில்லை. போட்டதிலும் பாதி சந்தேகம். நேரம் முடிந்ததும் சார், விடைத்தாளை வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டுப் போன் பேசப் போனார். நான் தாளோடு வெளியே வந்தேன். பெஞ்சில் அம்மா இல்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பக் கீழே போயிருந்தாள். அவளுடைய விடைத்தாள் பரீட்சை அட்டையின் கிளிப்பில் இருந்தது. நூறு வட்டங்களும் ஒழுங்காகக் கறுப்பாக்கப்பட்டிருந்தன. பெயர் எழுதும் கோட்டில் எப்போதும்போல அம்மா என் பெயரை எழுதியிருந்தாள்.

அதை எடுத்து மேசையில் வைத்தேன். என்னுடையதை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தேன். திரும்பி வந்த அம்மா தன் தாள் எங்கே என்று கேட்டபோது, பையில் வைத்துவிட்டதாகச் சொன்னேன். அன்று விடைகளை ஒப்பிடச் சொல்லிவிடக் கூடாது என்று பஸ்ஸில் தூங்குவதுபோல் சாய்ந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு சார் மார்க்குகளைப் படித்தார். முதலில் என் பெயரைத்தான் சொன்னார். தொண்ணூற்றாறு. பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். வகுப்பு முடிந்து அம்மாவை உள்ளே கூப்பிட்டு, திருத்திய தாளை அவள் கையில் கொடுத்து, இந்த மாடியில் இதுவரை யாரும் வாங்காத மார்க் என்றார்.

அம்மா பெயர்க் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அங்கேயே சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் மறுபடியும் தாளைப் பார்த்தாள். சிவப்பு மையால் சுழித்திருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"சார், இது ஏன் தப்பு?"

காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால், பிரித்த பிறகு எப்படி இருக்கும் என்ற கேள்வி அது. சார் விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டாள். தலையாட்டவில்லை. பர்ஸிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் கேள்வியில் இருந்தபடியே இரண்டு மடிப்பு மடித்தாள். தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அதில் குத்தினாள். பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நாலு ஓட்டயும் ஓரமாத்தான் சார் வருது. நீங்க நடுவுலன்றீங்க."

சார் டிக்கெட்டை வாங்கி அவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விடைக் குறிப்பைப் புரட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே தொண்ணூற்றாறை அடித்துவிட்டுத் தொண்ணூற்றேழு என்று போட்டார். "பொண்ணுக்கு மூளை யார்கிட்டேருந்து வந்திருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றார்.

அம்மாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. வெட்கமும் சந்தோஷமுமாக, என் வகுப்பில் பரிசு வாங்கிய பெண்ணின் முகம்போல இருந்தது. எனக்கு அடி விழாது என்பது அப்போது தெரிந்துவிட்டது. ஏன் என்று யோசிக்கவில்லை.

மாடிப்படி இறங்கியதும் கேட்டாள். "இன்னாத்துக்குடி அப்டி பண்ண?"

அப்பாவுக்குப் பயந்து என்றேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இனி இப்படிச் செய்யக் கூடாது என்றாள். அப்புறம், அப்பாவிடம் மார்க்கை மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

அப்பா அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப்போனார். கேன்டீனில் ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறார். அந்தச் செய்தி சுற்றி வளைத்து அம்மாவின் கம்பெனி பஸ்வரை போனது. பக்கத்து சீட்டுப் பெண்கள், உன் பொண்ணு தொண்ணூத்தேழாமே என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாளாம். இதை வீட்டில் சொல்லும்போது சிரித்தாள்.

சிறப்பு வகுப்பில் எட்டு ஞாயிறுகள் எனக்குக் கிடைத்தன. அந்த எட்டிலும் நான் திருடி உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா விடாமல் சொல்லிக் கொடுத்தாள், நானும் படித்தேன். ஆனால் காஞ்சிபுரத்தில் நடந்த உண்மையான தேர்வில் எனக்காக எழுத வெளியே யாரும் இல்லை. முடிவு வந்த அன்று பிரவுசிங் சென்டரில் அப்பா பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று தடவை பார்த்தார். "தொண்ணூத்தேழு வாங்குன புள்ள" என்று மட்டும் சொன்னார். மறுநாள் கேபிள்காரரைக் கூப்பிட்டுத் திரும்ப இணைப்புக் கொடுக்கச் சொன்னார். காலண்டர் தாளைக் கிழிக்கவில்லை. அது தானாக ஒருநாள் விழுந்தது.

அம்மா அழவில்லை. இரவல் வாங்கியிருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு கிளம்பினாள். நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். மாடியில் புது வருடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சார் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார், பயம் சிலரை அப்படிச் செய்துவிடும் என்றார். அம்மா புத்தகங்களைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் நின்றாள்.

"சார், பெரியவங்க எழுதற மாதிரி இப்டி எதுனா பரிச்ச கீதா?"

"யாருக்கும்மா?"

"சும்மாதான் சார். கேட்டேன்."

அவர் வேடிக்கையென்று எடுத்துக்கொண்டு சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அதற்குள் ஒரு பையனின் அப்பா குறுக்கே வந்து எதையோ கேட்க, அவர் பக்கம் திரும்பிவிட்டார். அம்மாவும் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. நான் அந்த வயதைத் தாண்டி இரண்டு வருடம் ஆகிறது. என் அலுவலகத்தில் அந்த வயதில் எத்தனையோ பேர் புதிதாக ஏதேதோ தேர்வுகள் எழுதுகிறார்கள், விண்ணப்பப் படிவங்களோடு வருகிறார்கள். யாரையும் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

பஸ்ஸில் அம்மா அன்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கம்பெனிச் சுவர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துபோனதற்காகத்தான் அவளும் என்னைப்போலவே அழுகிறாள் என்று நினைத்தேன். என்னோடு இருந்த நேரம் போனதற்காக. எனக்குத் துக்கத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. அவள் தோளில் சாய்ந்துகொண்டு, நான் ஹாஸ்டலுக்கெல்லாம் போகமாட்டேன், உன்கூடவேதான் இருப்பேன் என்று சமாதானம் சொன்னேன்.

"ஆமா கண்ணு" என்றாள் அம்மா, வெளியே பார்த்துக்கொண்டே.