மேட்ரனிடம் கேட்ட பருப்புச் சோறு

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் இரண்டாம் ஆண்டு பயிற்சி நர்ஸ். தங்கியிருந்தது அங்கேயே உள்ள ஹாஸ்டலில். சாப்பாடு வெள்ளைக்கார முறை: மாட்டிறைச்சி ஸ்டூ, அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டி. மாடு எனக்கு ஆகாது. ரொட்டியில் ஜாம் தடவித் தின்று, தேநீரைக் குடித்தே நாளை ஓட்டினேன். வேறு சாப்பாடு கேட்டிருக்கலாமே என்பீர்கள். சோற்றுக்கு அலைகிறாள் என்று பேர் எடுக்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்?

கொஞ்ச நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரத் தொடங்கியது. துணிகள் அடுக்கும் அறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வார்டுக்கு வருவேன். இந்த வேலைக்கு எனக்கு மனத்திடம் போதாது என்று முடிவே கட்டிவிட்டேன். அப்பாவிடம் சண்டை போட்டுச் சேர்ந்த படிப்பு. அதை விட்டுவிட்டு என் ஊரான ஜொகூருக்கே திரும்பப் போகிறேன் என்று ஒரு காலை அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம்.

“ஆஃப் நாள்ல சிராங்கூன் ரோட்டுல சோறு தின்னுட்டு வர்றியே, அன்னிக்கு மட்டும் ஏன்டி அழ மாட்டேங்கிற? கோளாறு மனசுல இல்ல லா, வயித்துல!”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விறுவிறுவென்று வார்டுக்குப் போனேன். அங்கே பிரசவமான ஒரு தமிழ்ப் பெண், பத்தியம் என்று மாமியார் கொண்டுவந்த மிளகு ரசச் சோற்றைத் தவிர எதையும் தொடவில்லை. இப்படியே இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று மீன், முட்டை, கீரை என அடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் இருட்டியது. அவள் எட்டிப் பிடித்துத் தன் கட்டிலிலேயே என்னை உட்கார வைத்தாள்.

“மிஸ்ஸி, நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?”

நான் அவசரமாக எழப் பார்த்தேன்.

நோயாளியின் கட்டிலில் நர்ஸ் உட்காருவது அந்தக் காலத்தில் பெருங்குற்றம். வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டார். உடனே நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனின் அறைக்கு அழைப்பு. வெள்ளைக்கார அம்மாள். உடம்பு தாங்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாமே என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலையே ஜொகூர் பஸ் ஏறிவிடலாம். ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்வி காதைவிட்டுப் போகவில்லை.

போக மாட்டேன் என்றேன். மாட்டிறைச்சி எங்களில் பலருக்கு ஆகாது. சோறும் பருப்பும் முட்டையும் போடச் சொல்லுங்கள். அப்புறமும் நான் மயங்கி விழுந்தால் நீங்களே அனுப்பிவிடுங்கள் என்றேன்.

அவர் என்னை வார்டுக்குத் திரும்பச் சொன்னார். மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து எங்கள் மேசையைச் சுற்றிப் பார்த்தார். பாதிப் பெண்கள் வெறும் ரொட்டிதான் தின்றுகொண்டிருந்தோம். அடுத்த வாரமே சோறு, பருப்பு, மீன் குழம்பு வந்தன. தோழி இரண்டாம் தடவை வாங்க எழுந்தாள். நானும் வெட்கப்படாமல் கூடவே போனேன்.

அழுகை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் வேலையை விடும் எண்ணம் அதற்குப் பிறகு வரவே இல்லை. பிறரைக் கவனிக்கிறவள் தன் பசியைச் சொல்லக் கூசக் கூடாது என்று அன்று புரிந்தது. இன்றும் யாராவது என் எதிரில் உட்கார்ந்து அழுதால், ஆறுதல் சொல்வதற்கு முன் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.