மணல் சலித்தவர் தேடிய தலைப்பு

"என்ன புத்தகம் வேணும் ஐயா?" என்று கேட்டேன்.

"என் வேலையைப் பத்தி ஏதாவது."

"என்ன வேலை?"

"கண்ணாடி ஃபாக்டரியில மணல் சலிக்கிறேன். இருபத்து மூணு வருஷமா."

நூலகக் கணினியில் பொருள் தலைப்புப் பட்டியலைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். வேலை - நேர்காணல். வேலை - நேர நிர்வாகம். வேலை - மனநிறைவு.

"மனநிறைவுக்கு மட்டும் பன்னெண்டு புத்தகமா!" சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும், "சலிக்கிறவனுக்கு ஒண்ணுமில்லையாம்மா?" என்றார்.

"எதுக்காகத் தேடறீங்க?"

"மூச்சு வாங்குது. கம்பெனி டாக்டர் சிகரெட்டாலன்னு எழுதிட்டார். நான் அதைக் கையால தொட்டதில்ல. திங்கக்கிழமை விசாரணை. தூசியாலதான்னு அச்சுல இருந்தா கொண்டுவான்னு யூனியன்ல சொன்னாங்க."

வேலை என்ற தலைப்பில் அவருக்கு இடமில்லை. 'நோய்கள், தொழில்சார்' என்பதன் கீழ் இருந்தது. ஒரே ஒரு புத்தகம், அதுவும் இங்கிலீஷில். வேண்டிய பக்கத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன்.

மறுநாள் அதற்காக வந்து உட்கார்ந்திருந்தபோதுதான் கொஞ்சம் பேசினார். உடன் வேலை செய்பவர்கள் அவரை மாவு என்றுதான் கூப்பிடுவார்களாம். புருவம் வரை வெள்ளையாக வெளியே வருவாராம். முகத்துக்குக் கட்ட ஏதாவது கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். "மூஞ்சியை மூடிக்கிட்டு கொள்ளையடிக்கவா போறே?" என்றாராம் மேஸ்திரி. மனைவி அவர் சட்டையை வாசலில் வைத்து உதறுவார். "பாதியை அவளும் முழுங்கியிருப்பா" என்றார்.

விசாரணை அதிகாரி மரியாதையானவர்தான். என் மொழிபெயர்ப்பைப் பொறுமையாகப் படித்திருக்கிறார். நோய் தூசியால் வந்தது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அது தீராதது என்று அதில் எங்கும் இல்லை என்றார். மூன்று மாத ஓய்வு, பிறகு பழைய வேலை என்று உத்தரவு. மூலப் பக்கத்தின் நகலைப் பின்னால் இணைத்திருந்தேன். அதை யாரும் புரட்டவில்லை.

ஓய்வு முடிந்து அதே சல்லடைக்குப் போனார். இரண்டு மாதம் சலித்தார். மூன்றாவது மாதம் இறந்துபோனார்.

அவருடைய உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மனைவி வந்தார். "நீங்க எழுதிக் குடுத்ததை தினமும் அவருக்குப் படிச்சுக் காட்டுவேம்மா. பயப்படற மாதிரி அதுல ஒண்ணுமே இல்லையே. அப்புறம் எப்படிப் போயிட்டார்?" என்று கேட்டார்.

நான் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

அந்த இங்கிலீஷ் பக்கத்தின் கடைசி வரி, கெட்டுப்போன நுரையீரல் இனித் தேறாது என்பது. அன்று எழுதுவதற்கு முன் அதை அவர் கணவருக்கு வாய்விட்டுச் சொன்னேன். அவர் என் பேனாவின் மேல் கையை வைத்தார்.

"அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்கம்மா. என் வீட்டுக்காரிதான் இதை எனக்குப் படிச்சுச் சொல்லணும்."