வாளிக்குள் உறைந்த செபமாலை

எங்கள் தீவுக் கிராமமான தாழ்வுபாட்டில் ஒரு வாளித் தண்ணீரை வாசலில் விட்டுவைத்தால் கழுதை வந்து குடித்துவிட்டுப் போகும். இங்கே, நோர்வேயின் வடக்கு ஓரத்தில், வாளித் தண்ணீரை வாசலில் விட்டுவைப்பதைப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடமாகவே கொடுக்கிறார்கள். பெரிய வாளிக்குள் ஒரு சின்ன வாளியைக் கல் போட்டு இறக்கி, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றி வெளியே வைக்க வேண்டும். விடிந்ததும் கட்டியாகிவிடும் என்று எழுத வந்தேன். இந்த மாதங்களில் இங்கே விடிவதில்லை. கார்த்திகைக் கடைசியில் போகிற சூரியன் தை நடுவில்தான் மலைக்கு மேலே தலைகாட்டும். எப்படியோ, மறுநாள் இரண்டு வாளியையும் கழற்றினால் கண்ணாடிப் பானை போல ஒன்று கிடைக்கும். உள்ளே மெழுகுதிரி கொளுத்தினால் விளக்கு. 'இஸ்லிக்த்' என்கிறார்கள். பனிக்கட்டி விளக்கு. பிள்ளைகள் தண்ணீருக்குள் சிவப்புப் பழங்கள், இலைகள் எல்லாம் போட்டு அழகு பார்ப்பார்கள். மார்கழியில் ஒரு நாள் எல்லா விளக்குகளையும் பள்ளிக்கூட முற்றத்தில் வரிசையாக வைத்து, தாய் தகப்பனையும் கூப்பிட்டு, சுடச்சுடக் கக்காவோ கொடுப்பார்கள்.

இந்த மனிதர்கள் இருட்டையும் குளிரையும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். வீட்டில் இனிப்புப் பணிஸ் சுடுவார்கள், யன்னலில் கடதாசி நட்சத்திரம் ஒட்டுவார்கள், பின்னேரங்களில் சறுக்குப் பலகையோடு மேட்டுக்குப் போவார்கள். என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. அவளுக்கு இது ஒன்றும் குளிர் இல்லை. நான் மீன் தொழிற்சாலையில் வேலை முடித்து வழுக்கிவிடுவேன் என்ற பயத்தோடு அடி வைத்து வருவதைப் பார்த்து, "அப்பா, முட்டைக்கு மேல நடக்கிற மாதிரி நடக்காதேங்கோ, என்ர பிரண்ட்ஸ் பாக்கினம்" என்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழவர், உங்கள் நாட்டில் குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மழையில் நனைவோம் என்று எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. நாங்கள் வீடில்லாமல் இருந்தோம் என்று விளங்கிக்கொண்டார் போல. அடுத்த நாள் எங்கள் வாசலில் ஒரு கம்பளிப் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்ததால் வைத்துக்கொண்டோம்.

நான் சொன்னது வேறு மழை. மாரி தொடங்கி வாடைக்காற்று அடித்தால் வள்ளங்களைக் கரையேற்றிவிடுவோம். கருவாடு காய வைக்க வெயில் இராது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நனைந்துகொண்டே போவார்கள், கழுதைகளும் மழைக்கு ஒதுங்கப் பள்ளிக்கூட விறாந்தைக்கே வரும். என் மூத்த பிள்ளை யூட் தன் பணிஸில் பாதியைக் கழுதைக்குக் கொடுத்துப் பழக்கிவிட்டான். அது வகுப்புக்குள் தலை நீட்டிவிட்டது. "ரெண்டு பேரும் வெளியில போங்கோ" என்று ரீச்சர் துரத்த, இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி ராணி அந்த மாரி முழுக்கச் சிரித்தாள்.

பிறகு ஒரு பருவம் தொழிலுக்காக தீவுக்கு வெளியே, இலுப்பைக்கடவைப் பக்கம் கரையில் வாடிக் குடிசை போட்டிருந்தோம். அங்கே இருக்கும்போது சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. தீவுக்குத் திரும்ப முடியவில்லை. சனத்தோடு சனமாக ஒவ்வோர் ஊராகத் தள்ளுப்பட்டு, கடைசியில் கிழக்குக் கரை வரைக்கும் போய்விட்டோம். எல்லாம் முடிந்து வெளியே வந்த வரிசையில் ஆமிக்காரர் யூட்டைப் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். அவனுக்கு அப்போது பதினாறு வயது. பஸ் யன்னலால் கை காட்டினான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஜெனி பிறந்தது அதற்கெல்லாம் பின்பு, ஊருக்குத் திரும்பிய பிறகு. அண்ணனை அவள் படத்தில்தான் கண்டிருக்கிறாள்.

யூட் முதன்முதல் நற்கருணை எடுத்த முதல் நன்மை நாளுக்கு வாங்கிய சிவப்பு மணிச் செபமாலை ஒன்று ராணியிடம் இருந்தது. எல்லா இடப்பெயர்விலும் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தவள். அவன் திரும்பி வரவேண்டுமென்று தினமும் பின்னேரம் அதை உருட்டுவாள். செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே சேமக்காலைக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, அவள் அவனுக்காக ஒரு திரியும் கொளுத்தியதில்லை. கொளுத்தினால் அவன் இல்லை என்று தானே சொன்னதாகிவிடும். போன மாதம் அவளுடைய அக்கா ஊரிலிருந்து போன் எடுத்து, "எத்தினை வருசம் ராணி? அவன்ர பேரில ஒரு பூசை ஒப்புக்குடுப்பம். ஆத்துமம் இளைப்பாறட்டும்" என்றாள். "உன்ர பிள்ளையள் எல்லாம் வீட்டிலதானே நிக்கினம்? அவைக்கு ஒப்புக்குடு" என்று ராணி போனை வைத்துவிட்டாள். அக்கா சொன்னதுதான் சரி என்று என் மனதுக்குள் பல வருடமாக இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்த விளக்கு நாளுக்கு முதல்நாள் பின்னேரம் ராணி செபமாலையைத் தேடினாள். தலையணைக்குக் கீழே இல்லை, அலுமாரியிலும் இல்லை. ஜெனி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வெளியே போய் வாளியைத் தூக்கிவந்தேன். சின்ன வாளியைச் சுற்றி இரண்டு சுற்றாகச் செபமாலை கிடந்தது. தண்ணீர் அதன் மேல் கல்லாக இறுகியிருந்தது.

"வீட்டில இருக்கிற வடிவான சாமான் ஏதும் போடலாம் எண்டு சில்யா சொன்னவ" என்றாள் ஜெனி. சில்யா அவளுடைய ரீச்சர். "எங்கட வீட்டில வேற என்ன வடிவாய்க் கிடக்கு?"

ராணி குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள். ஜெனி வாளியின் மேல் குப்புற விழுந்து கட்டிப்பிடித்தாள். "உடைக்காதேங்கோ அம்மா! எல்லாரும் கொண்டு வருவினம்."

"எழும்பு பிள்ளை. அது அண்ணாவின்ர."

"எல்லாம் அண்ணாவின்ர! எனக்கெண்டு என்ன இருக்கு?"

ராணியின் கை அப்படியே நின்றது. நான் கத்தியை வாங்கினேன். "கத்தி பட்டால் மணி நொறுங்கும். நாளைக்கு ஒருநாள் பொறு. பிறகு சுடுதண்ணியில உருக்கித் தாறன்" என்றேன். அன்று ராணி விரல் கணுக்களை எண்ணியே செபம் சொன்னாள்.

பனிக்காலம் தொடங்கியதிலிருந்து ராணி வெளியே போனதில்லை. மறுநாள் பின்னேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே வாசலில் நின்றாள். செபமாலைக்குக் காவல் வருகிறாள் என்று நினைத்தேன். முற்றத்தில் விளக்குகள் வரிசை வரிசையாகப் பனிக்குள் எரிந்தன. சேமக்காலைதான். ஊரில் கார்த்திகை மாதத்து ஆத்துமாக்கள் திருநாளில் அந்த மணலுக்குள் தெரிவது இதே வெளிச்சம்தான். பாட்டுக்கும் சிரிப்புக்கும் இடையில் அதை வேறு யாரும் காணவில்லை. ராணி கண்டாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெனி எங்கள் விளக்கை வரிசையின் கடைசியில் வைத்து, நெருப்புப் பெட்டியைத் தாயிடம் நீட்டினாள். "பெரியாக்கள்தான் கொளுத்த வேணுமாம். கொளுத்துங்கோ அம்மா." ராணி வாங்கினாள். குந்தி இருந்தாள். ஒரு குச்சியை எடுத்து, உரசாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "கெதியா அம்மா, எல்லாரும் கொளுத்திப் போட்டினம்." ராணி அசையவில்லை. நான் வாங்கிக் கொளுத்தியிருக்கலாம். வேண்டாம் என்று பிள்ளையைத் தடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

அப்போது சில்யா வந்தாள். ராணியின் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். ஈரம், அதுதான் பற்றவில்லை, இந்தக் குளிரில் நெருப்புப் பெட்டி சரிவராது என்று சிரித்தபடி சொல்லி, தன் பையிலிருந்து லைட்டரை எடுத்தாள். பக்கத்தில் குந்தி, பனிக்கட்டிக்குள் கையை விட்டு, ஒரே சொடுக்கில் திரியைக் கொளுத்திவிட்டாள். இத்தனை வருடமாக ராணி கொளுத்தாமல் வைத்திருந்த திரி அது. மணிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. எவ்வளவு அழகு, உங்கள் நாட்டு மாலையா என்று சில்யா கேட்டாள்.

ராணிக்கு இந்தப் பாஷையில் நன்றாகத் தெரிந்த சொல் ஒன்றுதான். "தக்" என்றாள். நன்றி என்று அர்த்தம்.

சில்யா அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள். ஜெனி சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மற்றவர்கள் கக்காவோ கோப்பைகளோடு சுவர் ஓரம் ஒதுங்கினார்கள். ராணி எழும்பவில்லை. கடல் பக்கமிருந்து காற்று வந்து திரி ஒருமுறை சாய்ந்து அணையப் பார்த்தது.

"நூந்துபோமே?" என்றாள்.

"நூராது. சுத்திவர மறைப்பிருக்கு. வீட்டை போவமா?"

"அது எரிஞ்சு முடியட்டும்."

எழும்பிக் காற்று வரும் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். நான் தொப்பியைக் கழற்றி, சேமக்காலையில் நிற்பதைப் போலவே தலையைக் குனிந்து நின்றேன். மனதுக்குள் அவன் பேரையும் சொன்னேன். அவள் தலை குனியவில்லை. போன வள்ளம் திரும்பாத நாளில் கரையில் லாம்போடு நிற்கும் பெண்களைப் போல, விளக்கைத் தாண்டி இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பள்ளிக்கூட வேலி, வேலிக்கு அப்பால் கடல். எங்கள் கடல் அதற்கு எந்தத் திசையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.